விரலுக்குள் ஊசி

இருதயமேரிக்கு மதிப்பு என்று ஒன்று இருந்ததென்றால் அது ரத்தத்தின் மேல்தான். அதைச் சுமந்துகொண்டு வந்து நிற்கிற ஆட்கள் மேல் இல்லை. திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில், செல்போன் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில் படியேறினால் வருகிற லேபில் இருபத்திரண்டு வருஷமாக அவள் ஊசி குத்துகிறாள். காலையில் பெஞ்சில் வந்து உட்காருகிற கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாலே போதும். இவன் வருகிற வழியில் டீ குடித்துவிட்டு வெறும் வயிறு என்று சத்தியம் செய்வான். இவள் மூன்று நாள் மட்டும் ஒழுங்காக மாத்திரை போட்டு, சர்க்கரையை இறக்கிக்கொண்டு வந்து டாக்டரை ஏமாற்றுவாள். ஏமாறுவது டாக்டர் இல்லை என்று கூடத் தெரியாத ஜென்மங்கள். இதையெல்லாம் அவள் மனசுக்குள் வைத்துக்கொள்வதும் கிடையாது.

பெருமுக்கல் மலைக்குக் கீழே காலனியில் பிறந்தவள். அப்பனும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போனவர்கள். கான்வென்ட் சிஸ்டர்கள் அவளைப் படிக்க வைத்து நர்சாக்கிவிடலாம் என்று பார்த்தார்கள். இருதயமேரி நர்சு வேலைக்கு மாட்டேன் என்றுவிட்டாள். நர்சு என்றால் நோயாளியோடு பேச வேண்டும், ஆறுதல் சொல்ல வேண்டும், அவன் சொந்தக்காரன் கொண்டுவருகிற ஆப்பிளைச் சிரித்துக்கொண்டே வாங்க வேண்டும். அதைவிட மைக்ராஸ்கோப் மேல், அது வாயைத் திறக்காது. விழுப்புரத்தில் லேப் படிப்பு படித்தாள். வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்தாள். அதற்குப் பரிசாகக் கிடைத்த டிபன் பாக்ஸைத் தெருவில் யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

கல்யாணமும் ஆகவில்லை. பெண் பார்க்க வந்த ஒருவன் காபி டம்ளரைக் கையில் வாங்குகிற நேரத்தில் அவன் கண்ணைப் பார்த்துவிட்டு, "லிவர் டெஸ்ட் எடுத்துக்கினு அப்பறம் பொண்ணு பாக்கப் போங்க, மஞ்சளா கீது," என்று சொல்லிவிட்டாள். சொன்னது சரிதான் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அதற்காக அந்த வீட்டிலிருந்து யாரும் நன்றி சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு பெண் பார்க்கவும் யாரும் வரவில்லை, அவளும் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை.

லேபின் முதலாளி சீனுவாசன். பி.எஸ்சி. விலங்கியல். தவளையை அறுத்துப் பார்த்த கையோடு லேப் திறந்தவன். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தால் அவனுக்குத் தன் கண் இமைதான் தெரியும். பெரிய மெஷின் ஒன்று வாங்கி வைத்திருந்தான். அதில் ரத்தத்தை விட்டால் சர்ரென்று தாளில் எண் எண்ணாகத் துப்பும். துப்பினதை அப்படியே கம்பியூட்டரில் அடித்துக் கொடுப்பது அவன் வேலை. இருதயமேரி அந்த மெஷினையும் மதித்தது கிடையாது. எண்ணத் தெரிந்த எருமை என்பாள். அவள் மதிப்பு முழுக்க வெள்ளை அணுக்களுக்குத்தான். சாயம் போட்ட ஸ்லைடில் ஊதா நிறத்தில் தெரிகிற அவை உடம்புக்குள் கிருமியைத் தேடிக்கொண்டு போவதும், வளைத்துப் பிடித்து விழுங்குவதும், விழுங்கிவிட்டு அங்கேயே செத்துச் சீழாகக் கிடப்பதும் அவளுக்குப் பிடித்திருந்தது. பேச்சில்லை, பொய்யில்லை, வந்த வேலையை முடித்துவிட்டுச் சாகிற சாதி என்று நினைப்பாள்.

போன ஜூன் மாதம், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலில் இறங்கின வாரம், மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து அரசப்பன் என்று ஒருவன் வந்தான். ஐம்பத்திரண்டு வயது, பைபர் போட்டு வைத்திருக்கிறவன். வலது கால் கட்டை விரல் தக்காளிப் பழம்போல வீங்கியிருந்தது. வேட்டி நுனி பட்டாலே முகம் கோணியது. மருந்துக் கடைக்காரன் டெஸ்ட் எடுக்கச் சொன்னானாம். கையை நீட்டினவன், ஊசியோடு வந்த இருதயமேரியை மேலும் கீழும் பார்த்தான்.

"எந்த ஊரும்மா நீ?"

"பெருமுக்கல்."

"ஊரா, காலனியா?"

"காலனி."

நீட்டின கை ஒரு விரற்கடை பின்னால் போனது. "வேற ஆளு யாரும் இல்லியா?" என்று கேட்டான்.

இல்லை என்று சொல்லி, அந்தக் கையைப் பிடித்து இழுத்துக் குத்தினாள். ஒரே குத்தில் நரம்பு கிடைத்திருக்கும், அவள் கை அப்படி. அன்றைக்கு இரண்டு குத்து ஆயிற்று. கை தவறியதால் ஆனது இல்லை.

சாயந்திரம் ரிப்போர்ட் வாங்க நொண்டிக்கொண்டு வந்தான். பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். சர்க்கரை இல்லை, மற்றதெல்லாம் சரி. யூரிக் ஆசிட் மட்டும் பத்து புள்ளி எட்டு. ஏழுக்குள் இருக்க வேண்டியது. அதன் அடியில் இருதயமேரி சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாள்.

"இது இன்னாது, செவப்பா?"

"யூரிக் ஆசிட்."

"யூரினா?"

யூரிக் வேறு, யூரின் வேறு. இரண்டு நிமிஷம் உட்கார வைத்துச் சொன்னால் புரிந்திருக்கும். கையை இழுத்துக்கொண்டவனுக்கு எதற்கு இரண்டு நிமிஷம் என்று இருந்தது அவளுக்கு. "ஆமா, யூரின்தான்," என்றாள், பெஞ்சுக் கடைசி வரை கேட்கிற மாதிரி. "வெளிய போவ வேண்டிய மூத்திரம் வெளிய போவாம கால்ல எறங்கித் தேங்கிக்கினு கீது. அதான் வீக்கம்."

பெஞ்சில் சிரித்தார்கள். அரசப்பன் சிரிக்கவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினான். "எந்த டாக்டருகிட்டயாவது காட்டுங்க," என்று அவன் முதுகைப் பார்த்துச் சொல்லிவைத்தாள். அன்றைக்குச் சோறு அவளுக்கு ருசியாகவே இறங்கியது. மறுநாள் மாதா கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்த ஆரோக்கியசெல்வியிடம் இதைச் சொல்லி இன்னொரு தடவை சிரித்தாள்.

நவம்பர் மழையில் அரசப்பனின் பெயர் மறுபடி வந்தது. விழுப்புரத்தில் டாக்டர் புகழேந்தி ஒரு நர்சிங் ஹோம் நடத்துகிறார். சீனுவாசனின் அக்காள் புருஷன். மச்சான் என்ற முறையில் அங்கே எடுக்கிற சதை, சீழ், கட்டி எல்லாம் பஸ் கண்டக்டர் கையில் திண்டிவனம் வரும். இங்கிருந்து பெரிய பரிசோதனைக்குச் சென்னைக்குப் போகும். விழுப்புரத்தில் லேப் இல்லையா என்று கேட்டால் உறவு இல்லையா என்பான் சீனுவாசன். வந்த பாட்டிலில் "அரசப்பன், 52, வலது கால் இரண்டாவது விரல்" என்று எழுதியிருந்தது. வீக்கம் கட்டை விரலுக்குப் பக்கத்து விரலிலும் ஏறியிருக்கிறது, அந்த விரலை வெட்டியாகிவிட்டது. அதிலிருந்து ஒரு துண்டு உள்ளே மிதந்தது.

பாட்டில் நிறைய பார்மலின். அதைப் பார்த்ததும் இருதயமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புகழேந்தி ஆஸ்பத்திரியில் எதை வெட்டினாலும் பார்மலினில் போடு என்பது சட்டம். போட்டால் அழுகாது, அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் யூரிக் ஆசிட் உப்பு பார்மலினில் கரைந்துபோகும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஆல்கஹாலில் போட வேண்டும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அவளுக்கு ஒரு தடவை போதும்.

"சார், இத ஆல்கஹால்ல போட்டிருக்கணும்," என்றாள் சீனுவாசனிடம். "உப்பு இருந்திருந்தாலும் இப்ப கரைஞ்சி போயிருக்கும்."

"எங்க மாமாவப் போயி சரக்கு வாங்கச் சொல்றியா மேரி?" என்று சீனுவாசன் சிரித்தான். தன் நகைச்சுவைக்குத் தானே சிரிக்கிற வழக்கம் உள்ளவன்.

சென்னையிலிருந்து பதில் வந்தது. வெள்ளை அணுக்கள் ஏராளம், படிகம் எதுவும் தென்படவில்லை, தொற்றாக இருக்கலாம். எப்படித் தென்படும்? இருதயமேரி அந்தத் தாளைப் படித்துவிட்டு டிராயருக்குள் தள்ளினாள். பத்து புள்ளி எட்டுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டுக் கொடுத்ததைப் பார்த்த பிறகும் ஒரு டாக்டர் விரலை வெட்டுகிறான் என்றால் அவனுக்குக் கத்தியைத் தவிர வேறு எதுவும் படிக்கத் தெரியாது. அவனிடம் போய்க் காலை நீட்டினவனும் லேசுப்பட்டவன் இல்லை. கடலில் காற்றைப் படிக்கத் தெரிந்தவனுக்குக் கையில் இருக்கிற தாளைக் காட்டிக் கேள்வி கேட்கத் தெரியவில்லை. முட்டாளுக்கு ஏற்ற முட்டாள் கிடைத்திருக்கிறான், இவர்களுக்கு நடுவில் நான் எதற்கு என்று விட்டுவிட்டாள். போன் செய்திருக்கலாம். செய்யவில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மெலிந்த, கறுத்த ஒரு பெண் கையில் ஐஸ் போட்ட பிளாஸ்டிக் டப்பாவோடு படியேறி வந்தாள். அரசப்பன் பெண்சாதி தைலம்மாள். கண்டக்டர் கையில் கொடுத்த பாட்டில் ஒன்று போன வாரம் இறங்க மறந்து தாம்பரம் வரை போய்விட்டதாம். அதனால் நோயாளியின் ஆட்களே கொண்டுபோகட்டும் என்று நர்சிங் ஹோமில் புதுச் சட்டம். டப்பாவுக்குள் மூடி போட்ட சிரிஞ்சில் மஞ்சளாக, கலங்கலாக நாலு சொட்டு நீர். கட்டை விரல் மூட்டிலிருந்து எடுத்தது.

"இது ஏன் பாட்டில்ல இல்ல?" என்று கேட்டாள் இருதயமேரி.

"மருந்து தீந்துபோச்சின்னாங்க. அப்படியே எடுத்துக்கினு போவச் சொன்னாங்க."

பார்மலின் தீர்ந்துபோயிருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நல்ல காரியம் நடப்பதற்கு ஏதாவது தீர்ந்துபோக வேண்டியிருக்கிறது.

கூடவே வந்த சீட்டில், கிருமி வளர்த்துப் பார்க்கவும், அணு எண்ணிக்கை பார்க்கவும் என்று எழுதியிருந்தது. "அவசரம்" என்று அடியில் கோடு.

"வியாழக்கிழமை கட்ட வெரல எடுக்கணும்னு சொல்லிக்கினு கீறாரு டாக்டரு," என்றாள் தைலம்மாள். குரலில் அழுகை எதுவும் இல்லை. "ரெண்டாவது வெரலு போயும் எப்படியோ நின்னுக்கினாரு. கட்ட வெரலும் போச்சின்னா போட்டுல நிக்க முடியாது. அலை தூக்கறப்போ அந்த வெரலத்தான் ஊணிக்கினு நிக்கணும்."

மெஷினில் விட்டார்கள். வெள்ளை அணு அறுபதாயிரத்துக்கு மேல். சீனுவாசன் தாளைக் கிழித்து எடுத்து, "தெளிவாத் தெரியுது, இன்பெக்‌ஷன்," என்று தட்டச்சுப் பலகையை இழுத்தான்.

இருதயமேரி ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்புக்குக் கீழே தள்ளினாள். வெள்ளை அணுக்கள் திருவிழாக் கூட்டம்போல நெருக்கிக்கொண்டு நின்றன. கிருமிச் சாயம் போட்டுத் தேடினாள், ஒரு கிருமி இல்லை. அப்புறம் டிராயரைத் திறந்தாள். சீனுவாசன் உடைந்துபோயிற்று என்று குப்பையில் போட்ட கால்குலேட்டரிலிருந்து எண் தெரிகிற இடத்தின் முன்னும் பின்னும் ஒட்டியிருந்த கறுப்புப் படலத்தை அவள் உரித்து வைத்திருந்தாள். ஒன்றை விளக்கின் மேல் வைத்தாள், இன்னொன்றைக் கண் வைக்கிற இடத்தில் வைத்துத் திருப்பினாள். இரண்டு படலத்துக்கும் நடுவில் படிகம் இருந்தால் அது மட்டும் ஒளிரும், மற்றதெல்லாம் இருண்டுபோயிற்று. இருட்டுக்குள் ஊசிகள் மட்டும் பளபளவென்று தெரிந்தன. நிறைய ஊசிகள். பாதிக்கு மேல் வெள்ளை அணுக்களின் வயிற்றுக்குள் குத்திக்கொண்டு நின்றன.

அவள் வெள்ளை அணுக்களைத் திட்டினது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். உடம்பு தன் பழைய அணுக்களைத் தினமும் உடைத்துத் தள்ளுகிறது. நாம் தின்கிற மீனும் கறியும் உள்ளே உடைகின்றன. உடைந்ததில் மிஞ்சுகிற கழிவுதான் யூரிக் ஆசிட். அதைக் கிட்னி வெளியே தள்ள வேண்டும். தள்ளினது போக மிச்சம் ரத்தத்தில் ஏறி ஏறி, கால் விரல் மாதிரிக் குளிர்ச்சியான மூட்டில் ஊசி ஊசியாகப் படிகிறது. வெறும் குப்பை. ஆனால் இந்த அணுக்களுக்கு அது எதிரியாகத் தெரிகிறது. விழுங்குகின்றன, செரிக்க முடியவில்லை. மீன் முள்ளை விழுங்கின நாய்போலத் துடித்து, தன் உடம்பைத் தானே கிழித்துக்கொண்டு, சாகிறபோது இன்னும் ஆயிரம் பேரைக் கூப்பிட்டுவிட்டுச் சாகின்றன. வந்தவையும் அதே ஊசியை விழுங்குகின்றன. விரல் நெருப்பாக எரிகிறது, வீங்குகிறது, பார்க்கிறவனுக்குச் சீழ் என்று தோன்றுகிறது. கிருமியே இல்லாத இடத்தில் இவ்வளவு பெரிய சண்டை, அதற்குப் பெயர்தான் கவுட். "எருமைங்களா, அது குப்பைடா," என்று முணுமுணுத்தாள்.

சீனுவாசனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் குனிந்து, கண்ணைச் சுருக்கி, "கறுப்பா என்னமோ அசையுது," என்றான். அது அவன் இமை.

"கவுட் சார் இது. கிருமி இல்ல. வெரல வெட்டக்கூடாது. எழுதிக் குடுங்க."

"அவரு கேட்டது எண்ணிக்கையும் கல்சரும். கேக்காததெல்லாம் எழுதினா மாமா என்னத்தான் திட்டுவாரு. நீ ரத்தம் எடுக்கற வேலையப் பாரு மேரி."

அவள் மைக்ராஸ்கோப்பின் வயரைப் பிடுங்கிச் சுற்றினாள். அதை அதன் மரப்பெட்டிக்குள் இறக்கி, பெட்டியைக் கட்டைப் பையில் வைத்தாள்.

"அத எங்க தூக்கிக்கினு போற?"

"உங்க மாமா கண்ணுல காட்டறதுக்கு."

இதைக் கருணை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அரசப்பனின் விரலுக்காக அவள் கிளம்பவில்லை. ஒரு டாக்டரை, அவன் நாற்காலியிலேயே உட்கார வைத்து, அவன் வெட்டினது தப்பு என்று அவன் கண்ணாலேயே பார்க்க வைக்கிற வாய்ப்பு இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைதான் வந்திருக்கிறது. அதை விட அவளுக்கு மனசில்லை.

விழுப்புரம் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். பெட்டி இருதயமேரியின் மடியில். ஸ்லைடு கைக்குட்டையில் சுற்றி ஜாக்கெட்டுக்குள். தைலம்மாள் ஜன்னல் ஓரமாக ஒடுங்கிக்கொண்டாள். இடையில் ஒரு ஆள் உட்காரலாம் போல இடம் கிடந்தது. புருஷன் கையை இழுத்துக்கொண்டான், பெண்சாதி உடம்பையே இழுத்துக்கொள்கிறாள் என்று நினைத்தாள் இருதயமேரி. உங்க வெரலக் காப்பாத்த நான் வேணும், எம் முட்டி மேல ஒங்க முட்டி படக்கூடாது. நல்லா இருக்குது நாயம்.

"ஜூன் மாசம் வந்தப்ப நீங்கதான் ரத்தம் எடுத்தீங்களா?" என்று விக்கிரவாண்டி தாண்டினதும் ஒரே ஒரு தடவை கேட்டாள் தைலம்மாள்.

"ஆமா."

தைலம்மாள் தலையாட்டிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் புகழேந்தியின் மேசையில் சாமி படம், சால்வை போர்த்தின போட்டோ, பாதி தின்ற மைசூர்பாகு டப்பா எல்லாம் இருந்தன. இருதயமேரி டப்பாவைத் தள்ளிவிட்டு மைக்ராஸ்கோப்பை வைத்தாள். டேபிள் பேனின் பிளக்கைப் பிடுங்கி அதில் இதைச் சொருகினாள்.

"யாரும்மா நீ? சீனு லேபுல ரத்தம் எடுக்கிற பொம்பளதானே?"

"ஆமா சார். இதுல கொஞ்சம் பாருங்க."

"ரிப்போர்ட்டுதான் போன்ல வந்துடுச்சே. அறுபதாயிரம். இதுல பாக்க என்ன இருக்கு?"

"அறுபதாயிரம் பேரும் இன்னாத்த தின்னுக்கினு கீறாங்கன்னு பாருங்க சார்."

வெளியே காத்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். அதனாலோ என்னவோ அவர் குனிந்தார். பார்வையைச் சரிசெய்யத் தெரியாமல் திருகினார். அவளே திருகிக் கொடுத்தாள். கால்குலேட்டர் படலத்தை மெதுவாகத் திருப்பினாள். டாக்டர் ரொம்ப நேரம் நிமிரவில்லை. கழுத்தில் வியர்வை இறங்குவதை அவள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சுகத்தை அவள் அதற்கு முன் அனுபவித்தது கிடையாது.

"எனக்கு முதல்லயே ஒரு சந்தேகம் இருந்தது," என்றார் நிமிர்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "அதனாலதான் சாம்பிளே அனுப்பினேன்."

நர்சைக் கூப்பிட்டு வியாழக்கிழமை ஆபரேஷனை நிறுத்தச் சொன்னார். கல்சர் வரட்டும், அதுவரை கவுட்டுக்கு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்று எழுதினார். விரல் தப்பிற்று. இத்தோடு பெட்டியை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். இருதயமேரிக்குப் போதவில்லை.

"சந்தேகம் இருந்துதுன்னா ரெண்டாவது வெரல எதுக்கு சார் வெட்டினீங்க? ஜூன் மாசமே பத்து புள்ளி எட்டுன்னு செவப்பு மையில கோடு போட்டுக் குடுத்தேனே. அதப் பாத்துட்டுமா வெட்டினீங்க?"

"எந்த ரிப்போர்ட்டு? என்கிட்ட யாரும் எதுவும் காட்டலியே." அவர் கோபப்படக் கூட இல்லை. கேஸ் தாளைப் புரட்டி, நவம்பர் மாதத்துப் பக்கத்தைத் திருப்பி அவள் பக்கம் நீட்டினார். முந்தைய பரிசோதனைகள் என்ற இடத்தில் "இல்லை, கேட்டாச்சு" என்று எழுதியிருந்தது.

பொய் சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக வார்டுக்குப் போனாள். அரசப்பன் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தான். ஆபரேஷன் நின்றுபோன சேதியை நர்சு சொல்லிவிட்டுப் போயிருந்தாள் போலிருக்கிறது, தைலம்மாள் கட்டில் ஓரமாக நின்றாள். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது.

"ஏங்க, நான் குடுத்த ரிப்போர்ட்ட ஏன் டாக்டருகிட்ட காட்டல?" என்று வாசலிலிருந்தே கேட்டாள் இருதயமேரி. "காட்டியிருந்தா ஒரு வெரலு மிச்சமாயிருக்குமே. அதக் கூடவா ஒருத்தரு சொல்லித் தரணும்?"

அரசப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தைலம்மாள்தான் பேசினாள்.

"அத அவரு கிழிச்சிக் கடல்ல போட்டுட்டாரு."

"எதுக்கு?"

"எதுக்கா? நீதானம்மா மூத்திரம்னு சொன்ன, அத்தினி பேரு குந்திக்கினு இருக்கறப்போ. எங்க குப்பத்துல மூத்திர வியாதின்னா இன்னான்னு தெரியுமா உனக்கு? கண்டவகிட்ட போறவனுக்கு வர்றது அது. அந்த பெஞ்சில எங்க பக்கத்து குப்பத்தாளு ஒருத்தன் இருந்திருக்கான். இவரு ஊட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி சேதி வந்துடுச்சி." தைலம்மாள் குரலை உயர்த்தவில்லை. "இவரு அம்மன் மேல சத்தியம் பண்ணாரு. நான் நம்பல. எட்டு மாசமா இந்தாளுக்கு சோறு வைக்கறேன், ஒரு வார்த்த பேசறதில்ல. இங்க டாக்டரு கேட்டாரு, முன்னாடி எங்கனா டெஸ்ட்டு எடுத்தீங்களான்னு. ரெண்டு பேருமே இல்லன்னு சொல்லிட்டோம். அவருக்கு மானம். எனக்கும்தான்."

பஸ்ஸில் நடுவில் கிடந்த இடம் எதனால் கிடந்தது என்று இருதயமேரிக்கு இப்போதுதான் தெரிந்தது. பெட்டியைத் தரையில் இறக்கி வைத்தாள். ஸ்டூல் எதுவும் இல்லாததால் கட்டிலின் கால்மாட்டிலேயே உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"அது மூத்திரம் இல்ல," என்றாள். "யூரின் இல்ல, யூரிக்கு. நான்தான் தப்பா சொன்னேன். தெரியாம சொல்லல, தெரிஞ்சேதான் சொன்னேன். இது ஒடம்புல சேர்ற குப்பை. மீனு, கறி, சரக்கு, அப்பறம் நம்ம ஒடம்பே பழசாயி ஒடைஞ்சி போறது, எல்லாத்துலயும் வர்றது. அது வெரல்ல ஊசி மாதிரி படிஞ்சிடுது. அதக் கிருமின்னு நெனச்சிக்கினு நம்ம ஒடம்பே போயி சண்ட போடுது. அவ்ளோதான் வியாதி."

"பொம்பளயால வர்றது இல்லியா?" என்று கேட்டாள் தைலம்மாள்.

"இல்ல. சாமியாருக்கும் வரும்."

தைலம்மாள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, அதில் தண்ணீர் இருக்கும்போதே, நிரப்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அதைப் புருஷனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அரசப்பன் சுவரை விட்டுத் திரும்பினான். தலையணை மேலிருந்த தன் காலைப் பார்த்தான். கட்டை விரல் சிவந்து வீங்கியிருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த இடம் தோல் மூடி மொழுக்கென்று இருந்தது.

"அப்ப அந்த வெரலு?" என்றான். "அத வெட்டாமயே உட்டிருக்கலாமா?"

டாக்டரைச் சொல்லலாம். தாளைக் கிழித்துப் போட்ட அவன் மானத்தைச் சொல்லலாம். சேதி கொண்டுபோன குப்பத்தாளைச் சொல்லலாம். மூன்றும் பொய்யில்லை.

"உட்டிருக்கலாம்ணா," என்றாள் இருதயமேரி.